எழுபத்தாறு நாள் வெளிச்சம்

முதல் தடவை வீட்டுக்குள் செடி வளர்க்கிற எவனும் தண்ணீரை அதிகமாகத்தான் ஊற்றுவான். நானும் ஊற்றினேன். இலை தொங்கினால் தாகம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். செடி வைத்த வாளியை ஒரு பக்கம் தூக்கிப் பார்க்க வேண்டும், கனமாக இருந்தால் விட்டுவிட வேண்டும். விஷயம் அவ்வளவுதான். அது எனக்குப் பிடிபட மூன்று வாரம் ஆனது.

சார்ஜண்டம்மா, நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம். முன்பு ஒரு தடவை உங்கள் ஆள் ஒருவர் அப்படித்தான் எழுதினார். படித்துக் காட்டியபோது நான் சொன்னது போலவே இருந்தது. கோர்ட்டில் படித்தபோது வேறு மாதிரி இருந்தது. நான் ஐந்தாவது வரை போனவன். எழுத்து கோணலாக இருக்கும், ஆனால் என்னுடையதாக இருக்கும்.

செடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். வீட்டுக்குள் தன் உபயோகத்துக்கு வளர்த்தால் குற்றமில்லை என்று கோர்ட்டே சொல்லியாகிவிட்டது, எனக்குத் தெரியும். இருந்தாலும் செடியில் இருந்துதான் ஆரம்பிப்பேன். எல்லாம் அதில் இருந்துதான் வந்தது.

எனக்குக் கஞ்சா வளர்க்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள். லுசிகிசிகி ஊருக்குக் கீழே ஆற்றுப் பள்ளத்தில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் சோளத்துக்கு ஒரு வயல், இதற்கு ஒரு வயல். ஆள் உயரத்துக்கு மேல் வளரும், ஆறு மாதம் எடுக்கும், பகல் குறைய ஆரம்பித்தால்தான் பூக்கும். அது வேறு. இப்போது உம்தாதா டவுனில், தகரக் கூரை போட்ட மூன்று அறை வீட்டில் இருக்கிறேன். எழுபத்தொரு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. கொல்லையில் வைத்தால் சுவர் ஏறிக் குதித்துப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அதனால்தான் வீட்டுக்குள் வைக்க யோசித்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் விளக்கும் விதையும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. யாந்திஸ்வா என்று ஒரு பெண் வைத்திருக்கிறாள். முப்பது வயது இருக்கும், வாய் ஓயாது.

"என்ன பெரியவரே, யாருக்கு?"

"எனக்குத்தான். முட்டி வலிக்கு."

"வர்ற எல்லாரும் முட்டிக்குன்னுதான் வாங்குறாங்க. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் நல்ல முட்டி இல்ல போல."

தானாகப் பூக்கிற விதை என்று நான்கு எடுத்து வைத்தாள். நான் நம்பவில்லை. அப்படி ஒரு விதையை என் அப்பா பார்த்ததில்லை, அவர் அப்பாவும் பார்த்ததில்லை.

"நம்ம ஊரு செடி இருட்டப் பாத்துப் பூக்கும். இது வயசப் பாத்துப் பூக்கும். முப்பது நாள் ஆச்சுன்னா தானா பூ வச்சிரும். ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் வெளிச்சம் குடுங்க, ஜோரா வரும்."

"கரண்ட் போச்சுன்னா?"

"போகட்டுமே. இது கோவிச்சுக்காது. தெனம் ரெண்டு தடவ கரண்ட் புடுங்குற ஊருக்குன்னே செஞ்ச விதை இது. அதனாலதான் எல்லாரும் இதையே கேக்குறாங்க."

"பேட்டரி எதுவும் வைக்க வேண்டாமா?"

"எதுக்கு? அந்தக் காசுக்கு எனக்கு மத்தியானம் கோழி வாங்கிக் குடுங்க."

கோழி வாங்கிக் கொடுக்கவில்லை. நான்கு விதையும், வெள்ளை வெளிச்சம் அடிக்கிற ஒரு விளக்குப் பலகையும், ஒரு மேஜை விசிறியும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. நீங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வீட்டில் மூன்று அறை. முன் அறையில் டி.வி. இருக்கிறது, வருகிறவன் போகிறவன் உட்காருவான். என் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் திரும்ப முடியாது. மூன்றாவது அறையில் என் தம்பி ஸோலானி படுத்திருந்தான்.

அவனைப் பற்றி ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. மே மாதம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் மொத்தமும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது, தொண்டையில் இருந்து ஒரு முனகல் மட்டும் வரும். முகத்தின் வலது பாதி செத்துப்போனதால் அந்தப் பக்கக் கண் மூடாது. தூங்கினாலும் திறந்தே இருக்கும். மனைவி செத்துவிட்டாள். ஒரே மகள் அனெலே கேப் டவுனில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிறாள், லீவு கிடையாது. அண்ணன் இருக்கிறான் என்று எங்கள் குலத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிளினிக்கில் இருந்து ஒரு நர்ஸ் வந்து சொல்லிக் கொடுத்தாள். மூடாத கண்ணுக்கு ஒரு நாளைக்கு நான்கு தடவை களிம்பு போட வேண்டும். இமையைக் கையால் இழுத்து மூடி, மேலே ஒட்டுநாடா போட வேண்டும். வெளிச்சம் கூடாது, காற்று படக் கூடாது. "காஞ்சுபோச்சுன்னா புண்ணாயிரும் ஐயா. அப்புறம் கண்ணு திரும்ப வராது" என்றாள். நான் கேட்டுக்கொண்டேன். அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த அறையில் வைத்ததற்குக் காரணம் வாசனை. பூ வைக்கிற செடி தெரு முழுக்க மணக்கும். படுத்த படுக்கையாக ஒருவன் கிடக்கிற அறைக்கு ஏற்கனவே ஒரு வாடை இருக்கும், ஒரு வாடையில் இன்னொன்று மறைந்துவிடும். திருடனும் அந்த மாதிரி அறைக்குள் கால் வைக்க மாட்டான். சுவிட்சும் அங்கே சரியாக வேலை செய்தது. மூன்று காரணம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஞாயமான காரணம்தான்.

இருபது லிட்டர் பெயிண்ட் வாளி நான்கு, அடியில் ஓட்டை. மண்ணில் பாதிக்குப் பாதி மாட்டுப் பட்டி எரு கலந்தேன். எங்கள் ஊரில் அப்படித்தான், பட்டி எருதான் செடிக்கு உயிர். ஆனால் இந்த விதைக்கு அந்தச் சூடு ஆகாது. முளைத்த எட்டாம் நாள் இரண்டு செடி இலை நுனி கருகிச் செத்தது. போய்க் கேட்டால் யாந்திஸ்வா சிரிக்கிறாள். "கைக்குழந்தைக்கு மாட்டுக்கறி ஊட்டிட்டு வந்திருக்கீங்க பெரியவரே" என்றாள். மூன்றாவதுக்கு நுனியைக் கிள்ளிவிட்டேன். வயல் செடிக்குக் கிள்ளினால் பக்கத்தில் பத்துக் கிளை வரும். இதற்குக் கிள்ளினால் கோபித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். காயம் ஆற இதற்கு நாள் இல்லை, வயது ஓடிக்கொண்டே இருக்கும். அது முழங்கால் உயரத்தோடு நின்றது. நான்காவதை நான் தொடவில்லை. அதுதான் ஒழுங்காக வந்தது.

விளக்கு காலை முழுக்க எரியும், ராத்திரி முழுக்க எரியும். மதியம் பன்னிரண்டில் இருந்து நாலு வரை அணைப்பேன். தகரக் கூரைக்குக் கீழே அந்த நேரத்தில் விளக்கும் சேர்ந்தால் செடி வாடும். ஜன்னலில் வெள்ளித்தாள் ஒட்டினேன், வெளியே தெரியாமல் இருக்க. மிச்சமிருந்த தாளைச் சுவரிலும் ஒட்டினேன். வெளிச்சம் வீணாகாமல் திரும்பி வரும் என்று கடையில் சொல்லியிருந்தாள். சுவர் என்றால் கட்டிலுக்குப் பின்னால் இருக்கிற சுவரும் சேர்த்துத்தான். கட்டிலுக்கும் வாளிக்கும் நடுவே ஒரு கை தூரம் இருந்தது.

விசிறி தண்டுக்கு வேண்டும். காற்றில் ஆடினால்தான் தண்டு உறுதிப்படும். அது இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் திரும்பும் விசிறி. செடியைக் கடந்து, தம்பியின் முகத்தைக் கடந்து, திரும்பி வரும். திரும்பாமல் ஒரே பக்கம் நிறுத்தும் பொத்தானும் அதில் இருந்தது. நீங்கள் அதை எனக்கு அமுக்கிக் காட்டினீர்கள்.

முதல் வாரம் அவன் கத்தினான். கத்தினான் என்றால் அந்த முனகல்தான். பிறகு நல்ல கையைத் தூக்கி, இடது கை, அதைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொள்வான். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருப்பான். கை நடுங்கிக் கீழே விழும், மறுபடியும் தூக்கி வைப்பான். பார்த்தால் சூரியனைப் பார்க்கிற மாடு மேய்க்கிறவன் மாதிரி இருக்கும். நான் அவனுக்குக் களி கிண்டிக் கொடுத்தேன், புளித்த பால் ஊற்றிக் கொடுத்தேன், வாயைத் துடைத்தேன், அடியில் துணி மாற்றினேன். அதில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. உடம்பில் ஒரு படுக்கைப் புண் கிடையாது, டாக்டரே எழுதியிருக்கிறார். அதையும் உங்கள் காகிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தோராம் நாள் நான்காவது செடி முதல் பூ வைத்தது, அவள் சொன்ன மாதிரியே. மறுநாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள் ஸோலானி அந்த இடது கையை நீட்டி, எட்டின கிளையைப் பிடித்து இழுத்திருக்கிறான். வாளியைச் சாய்த்து விளக்கின் வயரைப் பிடுங்கப் பார்த்தான் என்று நினைக்கிறேன். கிளை பாதி முறிந்து தொங்கியது. நார் விட்டுப்போகவில்லை. பழைய கைவேலை எனக்குத் தெரியும், முறிந்ததை நேராகப் பொருத்தி இறுக்கமாகச் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும். சுற்ற வீட்டில் வேறு எதுவும் இல்லை. நர்ஸ் கொடுத்த ஒட்டுநாடா சுருள் இருந்தது. அது முழுவதையும் கிளைக்குச் சுற்றினேன். நான்கு நாளில் ஒட்டிக்கொண்டது. மற்றதைவிட அந்தக் கிளையில்தான் பூ திரட்சியாக வந்தது.

பிறகு அவன் கையைக் கட்டினேன். நைலான் கயிறு இல்லை, சதை அறுக்கும். செடியின் கிளையை அகலமாக வளைத்துக் கட்ட மெத்தென்ற துணிநாடா வாங்கியிருந்தேன், அதைக்கொண்டு எட்டுப் போல முடிச்சுப் போட்டுக் கட்டில் சட்டத்தில் கட்டினேன். முடிச்சுக்குள் இரண்டு விரல் போகும். கிளைக்கும் அதே அளவுதான் விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மாஜோலா வருவாள். சர்ச் உடுப்போடு வந்து தம்பியின் தலையில் கை வைத்து ஜெபம் செய்துவிட்டுப் போவது அவள் வழக்கம். உங்களிடம் சொன்னது அவள்தான், நீங்கள் மறைத்தாலும் எனக்குத் தெரியும். கதவிலேயே நிறுத்தினேன்.

"ஞாவுசா, ஏன் மறிக்கிற?" எங்கள் குலப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"தூங்குறான்."

"போன வாரமும் தூங்குனான். ஆமா, ஜன்னல் ஓட்டைல வெள்ளையா அடிக்குதே, உன் தம்பி ரூம்ல சூரியன் குடிவந்திருச்சா?"

"சூரியனுக்கும் வீடு வேணும்ல."

"நீ சிரிச்சுப் பேசி நான் பாத்ததே இல்ல. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். போய்விட்டாள். அவளுக்கு மூக்கு உண்டு, செடி என்று நினைத்திருப்பாள். கிளினிக்கில் இருந்து கேட்டபோது மகள் கேப் டவுனுக்குக் கூட்டிப்போய்விட்டாள் என்று சொன்னேன். அது பொய். இந்தத் தாளில் நான் ஒத்துக்கொள்கிற முதல் பொய் அதுதான்.

அனெலே சனிக்கிழமைகளில் போன் பண்ணுவாள்.

"பெரியப்பா, அப்பா சாப்பிடுறாரா?"

"உன்னவிட நல்லாச் சாப்பிடுறான்."

"கண்ணுக்கு மருந்து போடுறீங்களா?"

"மருந்து இருக்கு."

"ஒட்டுநாடா தீந்துபோச்சுன்னா சொல்லுங்க, அனுப்புறேன்."

"தீரல. நல்லா ஒட்டியிருக்கு."

"அப்பா காதுகிட்ட வையுங்க பெரியப்பா."

வைத்தேன். அவள் ஏதோ சொன்னாள், டிசம்பரில் வருகிறேன், புதுச் சட்டை வாங்கியிருக்கிறேன் என்று. அவன் முனக ஆரம்பித்தான், நிறுத்தவில்லை. வாளியைப் பார்க்கிறான், விளக்கைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். சொல்ல ஒரு சொல் கூட அவனிடம் இல்லை.

"அழுறாரா பெரியப்பா?"

"சந்தோஷம்" என்றேன்.

மாஜோலா பழைய கதையும் சொல்லியிருப்பாள். நானே சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆற்றுப் பள்ளத்தில் என் வயலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் ஸோலானிக்கும். ஒரு மார்ச் மாதம், அறுவடைக்கு நான்கு நாள் இருக்கும்போது, போலீஸ் லாரி நேராக அந்தப் பாதையில் வந்து நின்றது. வழி தேடவில்லை. எனக்கு நான்கு வருஷம் கிடைத்தது. அவனுக்கு அடுத்த மாதம் ரோடு போடுகிற இடத்தில் அரசாங்க வேலை கிடைத்தது. ஜெயில் அறையில் நாற்பது பேருக்கு ஒரு பல்பு, அதை அணைக்கிற சுவிட்ச் வெளியே இருந்தது, யாரும் அணைக்க மாட்டார்கள். நான்கு வருஷம் முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். எனக்குக் கை இருந்தது, துணி இருந்தது.

வெளியே வந்ததும் பெரியவர்கள் பீர் வடித்தார்கள். ஒரே டப்பாவில் இருந்து இருவரையும் குடிக்க வைத்து, "முடிஞ்சுது, இனி இதப் பத்திப் பேசப்படாது" என்றார்கள். ஸோலானி அழுதான். நான் குடித்தேன். பீர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முடிந்தது என்று நான் சொல்லவில்லை, அவர்கள்தான் சொன்னார்கள். அதைப் பற்றி முப்பது வருஷமாக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் இருந்தால் பேசாமல் இருக்க முடியுமா? அதனால்தான் சொல்கிறேன், எனக்குக் கோபம் கிடையாது.

ஐந்தாவது வாரம் கண் சிவந்தது. தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. பத்தாவது வாரம் கருவிழியின் மேல் பால்துளி மாதிரி ஒரு வெள்ளை. நான் தினமும் பார்த்தேன். செடியை எப்படிப் பார்க்கிறேனோ அப்படித்தான் பார்த்தேன், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. பூவில் இருக்கிற சின்னச் சின்ன ரோமம் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு பழுப்பாகும். அதன் மேல் இருக்கிற பிசின் துளி முதலில் கண்ணாடி மாதிரி இருக்கும், பிறகு பால் மாதிரி மங்கும். மங்கினால் முற்றிவிட்டது என்று அர்த்தம். அறையில் இரண்டும் ஒரே வாரத்தில் மங்கின. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அதுவரை விளக்கு அணைந்திருக்கிற மதியத்தில் போய்க்கொண்டிருந்த கரண்டை அந்த வாரம்தான் மாலை வேளைகளில் பிடுங்க ஆரம்பித்தார்கள். ஆறு மணிக்குப் போனால் எட்டரைக்கு வரும். முதல் நாள் போனபோது நான் அடுப்படியில் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தேன். முனகல் நின்றுவிட்டது. என்ன ஆனது என்று மெழுகுவர்த்தியோடு போய்ப் பார்த்தேன். அவன் முகத்தின் நல்ல பாதி சிரித்துக்கொண்டிருந்தது. தூங்கிக்கொண்டே சிரிக்கிறான். மறுநாள் ஐந்தரை மணியில் இருந்தே கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். எப்போது போகும் என்று அவனுக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது. ஆறுக்குப் போனதும் ஒரு பெரிய மூச்சு விட்டான் பாருங்கள், வயலில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு மண்வெட்டியைக் கீழே போடுகிறவன் விடுகிற மூச்சு.

மூன்றாம் நாள் போய்ப் பேட்டரிப் பெட்டி வாங்கி வந்தேன். வேறு கடையில் வாங்கினேன். யாந்திஸ்வா கடைக்குப் போனால் எதற்கு என்று கேட்பாள்.

செடிக்காகத்தான் வாங்கினேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். செடிக்கு அது தேவையில்லை என்று கடைக்காரி சொல்லியிருக்கிறாளே என்று கேட்டீர்கள். அவளைக் கூப்பிட்டு விசாரிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நான் யார் சொல்வதையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை, விற்கிறவள் ஆயிரம் சொல்வாள். அப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குக் கரண்ட் போனது, வீடெல்லாம் இருட்டு, தெருவெல்லாம் இருட்டு, அந்த அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. அவன் காத்துக்கொண்டே இருந்தான். எட்டு மணி வரை காத்திருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு அப்போது புரிந்தது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் கிழவன் புத்தி கெட்டுப்போய் ஏதோ செய்கிறான் என்று நினைத்திருப்பான்.

அதற்குப் பிறகு அவன் முனகுவதை நிறுத்திவிட்டான். வீடு அமைதியாக இருந்தது. எனக்கும் அது நல்லதுதான்.

எழுபத்தாறாம் நாள், வியாழக்கிழமை, அறுத்தேன். குள்ளச் செடியில் ஒரு கைப்பிடி. நல்ல செடியில் ஒரு பெரிய ஜாடி நிறைய வந்தது, முதல் தடவைக்கு மோசமில்லை. அறுத்ததை இருட்டில்தான் காயவைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும். என் அறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, கொடி கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டேன். வாளிகளைக் கொல்லையில் கவிழ்த்தேன். வேரைப் பிடுங்கிப் போட்டேன். விசிறியைத் துடைத்து முன் அறையில் வைத்தேன்.

இனி நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி. மாஜோலா உங்களையும் நர்ஸையும் கூட்டிக்கொண்டு வந்து கதவை உடைத்தது அறுவடைக்குப் பன்னிரண்டு நாள் கழித்து. உள்ளே செடி இல்லை, வாளி இல்லை, மண் கூட இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டேன், வயதாகிவிட்டது என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். இந்தப் பன்னிரண்டு நாளும் மாலையில் கரண்ட் போகும்போதெல்லாம் நான்தான் பேட்டரிக்கு மாற்றினேன். மறந்தவன் அதைச் செய்ய மாட்டான். மதியம் அணைப்பதையும் விட்டுவிட்டேன். அது செடிக்காக அணைத்தது, செடிதான் இல்லையே.

வலது கண் போய்விட்டது, எடுத்தாக வேண்டும் என்கிறார்கள். அனெலே வந்துவிட்டாளாம், என்னைப் பார்க்க மறுக்கிறாளாம். அது அவள் இஷ்டம். நீங்கள் கேட்டதை எல்லாம் எழுதிவிட்டேன், இன்னும் ஒன்றுதான் பாக்கி. விளக்கு கட்டிலுக்கு நேர் மேலே, அவன் முகத்துக்கு இரண்டு சாண் உயரத்தில் இருந்தது என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள். சரியான அளவுதான். செடி இருந்தவரை அது செடிக்கு மேலே இருந்தது. அறுத்த அன்றைக்குச் சாயங்காலம் நான்தான் கூரையில் புதுக் கொக்கி அடித்து அங்கே மாற்றினேன். முழங்கால் வலியோடு ஸ்டூலில் ஏறித்தான் அடித்தேன். பழி வாங்குகிற புத்தி எனக்கு எப்போதும் இருந்ததில்லை. நல்ல விளக்கு, வெறும் தரைக்கு எரிந்து வீணாகக் கூடாது என்றுதான்.